நியூசிலாந்தில் தனியாக ஒரு கார்ப் பயணம்: குதிக்கும் பாலத்தைவிடச் சாலைக்கே பயப்பட வேண்டும்

உங்களுக்குப் பிப்ரவரி கடைசியில் இரண்டு வார விடுமுறை. ஆக்லாந்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தனியாகவே குயின்ஸ்டவுன் வரை ஓட்ட வேண்டும். வழியில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எடுத்த இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும். காலில் ரப்பர்க் கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பஞ்சி ஜம்பிங், விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் இரண்டும் செய்ய வேண்டும். “தனி ஆளாகக் குதிப்பது ஆபத்தா?” என்பது உங்கள் கேள்வி.

ஆபத்து உண்டு. ஆனால் அது குதிக்கும் இடத்தில் குறைவு, அங்கே போய்ச் சேரும் சாலையில் அதிகம்.

நியூசிலாந்தில் சாகச விளையாட்டு நடத்துபவர்கள் பாதுகாப்புத் தணிக்கையில் தேறி, ‘வொர்க்சேஃப்’ என்ற அரசு அமைப்பின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2019 டிசம்பர் 9 அன்று வக்காரி எரிமலைத் தீவு வெடித்து, சுற்றுலாப் பயணிகளும் வழிகாட்டிகளுமாக 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகின. கயிறு, கொக்கி, பாராசூட் எல்லாவற்றையும் உங்களுக்காக வேறொருவர் சரிபார்க்கிறார், அதற்கு மேல் இன்னொருவரும் சரிபார்க்கிறார். காரில் அப்படி யாரும் கிடையாது. தூக்கம் வந்தால் ஸ்டியரிங்கை மாற்றிக் கொடுக்க ஆளில்லை. “அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டாய்” என்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே பயணத் திட்டத்தை முதலில் ஓட்டும் நேரத்தை வைத்துப் போடுங்கள். சினிமாப் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும்.

அப்படிப் போட்டால் உங்கள் திட்டத்தில் முதலில் அடிபடுவது ஆக்லாந்து முதல் குயின்ஸ்டவுன் வரையிலான அந்த நீண்ட கோடுதான். வடக்குத் தீவின் நடுவே இறங்கி, வெலிங்டனில் காரைக் கப்பலில் ஏற்றி, மூன்றரை மணி நேரக் கடற்பயணம் செய்து, பிக்டனில் இறங்கி மறுபடி தெற்கே ஓடுவதை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் ரசிக்கலாம். தனி ஆளுக்கு இரண்டு வாரத்தில் அது லாரி ஓட்டுநரின் வேலை. நான் சொல்வது இது: வடக்கில் மூன்று நாள் மட்டும். ஆக்லாந்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் மாட்டமாட்டா என்ற ஊர். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தில் ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள் வாழும் கிராமமான ஹாபிட்டனின் செட் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் வைடோமோ குகை. காரை ஆக்லாந்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு விமானத்தில் கிறைஸ்ட்சர்ச். அங்கே வேறு கார் எடுத்து, டெகாப்போ, ட்வைசல், வனாகா வழியாகக் குயின்ஸ்டவுன். குயின்ஸ்டவுனில் குறைந்தது நான்கு இரவு. பிறகு டெ அனாவ் ஊர், செங்குத்து மலைகளுக்கு இடையே கடல் நுழைந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட். ஊருக்குத் திரும்புவதும் குயின்ஸ்டவுனிலிருந்தே.

விமானம் இறங்கிய அன்றே கார் சாவியை வாங்காதீர்கள். நம் நேரத்தைவிட அந்த நாடு பிப்ரவரியில் ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு தாண்டி இரண்டரை.

அங்கேயும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும் என்பது நமக்கு வசதி. ஆங்கிலத்தில் இல்லாத உரிமம் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் சர்வதேச அனுமதி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் வாடகை அலுவலகத்தில் வாக்குவாதம் மிச்சம். ஊருக்கு வெளியே வேக வரம்பு பொதுவாக 100 கி.மீ. இது பலரை ஏமாற்றுகிறது. நூறு என்று எழுதியிருக்கும் சாலை நம் மனதில் இருக்கும் நான்குவழிச் சாலை அல்ல. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம், நடுவில் தடுப்பு கிடையாது, ஓரத்தில் ஒதுங்க இடம் குறைவு, மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். செல்போன் வரைபடம் சொல்லும் நேரத்தோடு கால் பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் உங்கள் பக்கம் மஞ்சள் கோடு இருந்தால் முந்தக் கூடாது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுக்கிடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். அங்கே அது மரியாதை, உங்களுக்கும் நிம்மதி.

ஒருவழிப் பாலங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்குத் தீவின் நெடுஞ்சாலைகளிலேயே ஒரு வண்டி மட்டும் போகும் அகலமுள்ள பாலங்கள் உண்டு. பாலத்துக்கு முன் பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலச் சதுரத்தில் உங்கள் அம்பு பெரிய வெள்ளை அம்பாக இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. முன்னுரிமை இருந்தாலும் எதிரே பாலத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டவரை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். யார் முதலில் விளக்கை அடித்துக் காட்டுகிறாரோ அவருக்கே வழி என்ற நம் ஊர் வழக்கத்தைக் குடியேற்றப் பிரிவிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டுக்குச் சாலையில் கிட்டத்தட்ட 290 கி.மீ. ஒரே நாளில் போய்த் திரும்புவது எட்டு மணி நேர ஓட்டம். பலர் செய்கிறார்கள், தனியாக ஓட்டுபவர் செய்யக் கூடாது. ஒன்று, பஸ்ஸில் போங்கள். அல்லது டெ அனாவில் இரவு தங்குங்கள். அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுள்ள சுமார் 120 கி.மீ. தூரத்தில் செல்போன் சிக்னலையும் எதிர்பார்க்க வேண்டாம். வழியில் ஹோமர் சுரங்கப்பாதை, மலையைக் குடைந்து 1.2 கி.மீ. நீளம். அதன் வாசலில் வண்டிகள் நிற்கும்போது கியா என்ற மலைக்கிளிகள் இறங்கும். பச்சை உடம்பு, கொக்கிபோல் வளைந்த அலகு, கொஞ்சமும் கூச்சமில்லாத நடை. கார்க் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை உரித்து எடுப்பதில் அவற்றுக்கு அப்படி ஓர் ஆனந்தம். உணவு போடாதீர்கள், கண்ணாடியை இறக்கி வைக்காதீர்கள். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.-க்கும் மேல் மழை பெய்கிறது. அதனால் மழை வந்தால் நாள் வீணாயிற்று என்று நினைக்க வேண்டாம். மழை பெய்யும் போதுதான் பாறைச் சுவர் முழுக்க அருவிகள் முளைக்கும். 2017-ல் வந்த ‘ஏலியன்: கவனன்ட்’ படத்துக்கு இந்த இடத்தைத்தான் வேற்றுக்கிரகமாகக் காட்டினார்கள்.

இனி குதிப்பது. குயின்ஸ்டவுனுக்கு அருகில் கவராவ் ஆற்றின் மேல் 1880-ல் கட்டிய பழைய தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. ஏ.ஜே. ஹாக்கெட், ஹென்றி வான் ஆஷ் இருவரும் 1988 நவம்பரில் அங்கே ஆரம்பித்ததுதான் உலகின் முதல் நிரந்தர வணிக பஞ்சி தளம். அதற்கு முந்தைய ஆண்டு ஹாக்கெட் பாரிஸில் ஈஃபிள் கோபுரத்திலிருந்து குதித்துக் கைதாகி உலகச் செய்தியாகியிருந்தார். கவராவ் பாலத்தின் உயரம் 43 மீட்டர். அதே நிறுவனத்தின் நெவிஸ் தளம் 134 மீட்டர். பள்ளத்தாக்கின் நடுவே கம்பிகளில் தொங்கும் கூண்டிலிருந்து குதிக்க வேண்டும். அங்கே சொந்தக் காரில் போக முடியாது, குயின்ஸ்டவுனிலிருந்து அவர்கள் பஸ்ஸில் அழைத்துப் போவார்கள். முதல்முறை என்றால் கவராவையே சொல்வேன். நெவிஸ் பெரிதுதான், ஆனால் அதற்கு அரை நாள் போகும். கவராவில் பக்கத்து மேடையிலிருந்து பிறர் குதிப்பதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ள இலவச இடமும் உண்டு. கட்டணம் 200 நியூசிலாந்து டாலரைத் தாண்டும். வீடியோவுக்குத் தனியாகக் கேட்பார்கள்.

என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். எடை பார்த்து, அந்த எண்ணைக் கையில் மையால் எழுதுவார்கள். கயிற்றைத் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான். கணுக்கால்களைத் துண்டால் சுற்றி அதன்மேல் பட்டையை இறுக்குவார்கள், இடுப்பிலும் ஒரு பட்டை. அதன்பின் நடக்க முடியாது. இரண்டு காலையும் சேர்த்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி விளிம்புக்குப் போக வேண்டும். ரப்பர்க் கயிறு கீழே தொங்குவதால் அதன் கனம் காலைப் பிடித்து முன்னால் இழுக்கும். பலரைத் திடுக்கிடச் செய்வது உயரத்தைவிட அந்த இழுப்புதான், யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் அது. கீழே பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்து விழுங்கள். கேட்டால் தண்ணீரைத் தொடும்படியும் அளவு வைத்துத் தருவார்கள். ஆட்டம் அடங்கியதும் ரப்பர்ப் படகில் இருப்பவர் ஒரு கம்பை நீட்டுவார், பிடித்துக்கொண்டால் படகுக்குள் இறக்கிவிடுவார்.

உங்கள் இரண்டு ஆசையும் ஒரே இடத்தில் சந்திப்பதும் இங்கேதான். முதல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தில் ஆற்றின் இருகரையிலும் கை நீட்டி நிற்கும் இரண்டு பிரம்மாண்டமான அரசர் சிலைகள் வருமே, அந்த ஆற்றுக் காட்சிக்குப் பயன்பட்டது இந்தக் கவராவ் பள்ளத்தாக்கு. சிலைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை. பாறையும் பச்சைநீல நீரும் அப்படியே இருக்கின்றன.

ஸ்கைடைவிங்குக்கு வனாகாவும் நல்லது, குயின்ஸ்டவுனும் நல்லது. பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டித்தான் குதிக்க வைப்பார்கள். 12,000 அடி என்றால் சுமார் 45 விநாடி தடையற்ற வீழ்ச்சி, 15,000 அடி என்றால் சுமார் 60 விநாடி. அந்தப் பதினைந்து விநாடிக்கு அவர்கள் கேட்கும் கூடுதல் பணத்தை நான் படகுச் சவாரியில் போடுவேன். எதுவானாலும் ஓர் ஊருக்குப் போன முதல் நாளிலேயே பதிவு செய்யுங்கள். மேகம் இறங்கினாலும் காற்று அடித்தாலும் ரத்து செய்துவிடுவார்கள். முதல் நாள் ரத்தானால் மறுநாள் இருக்கிறது. கடைசி நாளுக்கு வைத்தால் ஒன்றும் இல்லை. குயின்ஸ்டவுனில் நான்கு இரவு கேட்டதற்குக் காரணம் இதுதான். தனி ஆளுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரே ஒரு இடம் காலியாக இருந்தால் அது இரண்டு பேராக வந்தவர்களுக்கு உதவாது, உங்களுக்கு உதவும்.

குதித்த பிறகு அன்று நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். பரபரப்பு தணிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பு தொய்ந்து போகும். காலையில் குதித்துவிட்டு மதியம் டெ அனாவுக்குக் கிளம்பலாம் என்று தோன்றும்; அந்த எண்ணத்தை அடக்குங்கள். அன்று மதியம் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் கிளெனோர்க்கி இருக்கிறது. ஏரிக்கரைச் சாலை முழுக்கத் தார் போட்டது. அங்கிருந்து டார்ட் ஆற்றில் ஜெட் படகு புறப்படுகிறது. வில்லியம் ஹாமில்டன் என்ற கேன்டர்பரிப் பண்ணைக்காரர் 1950-களில் மேம்படுத்திய படகு வகை இது. வெளியே சுழலும் விசிறி இல்லாமல், நீரை உள்ளே இழுத்துப் பின்னால் பீய்ச்சி ஓடுவதால் கணுக்கால் அளவு நீரிலும் பாய்ந்து போகும். அந்தப் பள்ளத்தாக்குதான் படத்தில் மந்திரவாதியின் கோபுரம் நின்ற ஐசன்கார்டுக்குப் பின்னணி.

படப்பிடிப்பு இடங்களைப் பற்றி ஒன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: பெரும்பாலான இடங்களில் பார்ப்பதற்குப் படத்தின் சுவடே இருக்காது. செட்டைக் கழற்றி எடுத்துவிட்டு நிலத்தைப் பழையபடி ஆக்கிவிட்டார்கள். ஹாபிட்டன் விதிவிலக்கு. 1998-ல் வானிலிருந்து தேடியபோது இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவுக்குக் கிடைத்த ஆட்டுப்பண்ணை அது. முதல் மூன்று படங்களுக்குப் போட்ட செட் தற்காலிகமானது. ‘தி ஹாபிட்’ படங்களுக்காக மறுபடி கட்டும்போது நிலையாக நிற்கும்படி கட்டினார்கள், இன்று காண்பது அதைத்தான். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம், முன்பதிவு கட்டாயம். கதவுகளின் அளவைக் கவனியுங்கள். ஆளைப் பெரியவராகக் காட்ட ஓர் அளவு, சிறியவராகக் காட்ட இன்னோர் அளவு. வட்டக் கதவுகளைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே எதுவும் இருக்காது. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் வெலிங்டன் ஸ்டூடியோவில் எடுத்தவை. 2023 டிசம்பர் முதல் பார்வையாளர்களுக்காக ஒரு ஹாபிட் வீட்டின் உட்புறத்தை முழுமையாகச் செய்து திறந்திருக்கிறார்கள். கூட்டம் அதிகம், ஆடம்பரம் கொஞ்சம் அதிகம். என்றாலும் தவறவிட வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மவுண்ட் சண்டே. படத்தில் ரோஹன் நாட்டின் தலைநகரான எடோராஸ் நின்ற குன்று. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். கடைசிப் பகுதி சரளைக்கல் சாலை. பல மாதம் பாடுபட்டு அரண்மனையும் வீடுகளும் கட்டி, படம் முடிந்ததும் ஓர் ஆணிகூட விடாமல் அகற்றிவிட்டார்கள். இன்று இருப்பது பள்ளத்தாக்கின் நடுவே தனியாக எழும் ஒரு பாறைக்குன்று, சுற்றிலும் பல கிளைகளாகப் பிரிந்து பின்னிக்கொண்டு ஓடும் ஆறு, தொலைவில் பனிமலை. மேலே ஏற அதிகநேரம் ஆகாது. உச்சியில் நின்று படத்தின் ஒரு ஸ்டில்லைச் செல்போனில் வைத்து மலைவரிசையோடு பொருத்திப் பாருங்கள். அந்தப் பொருத்தம் கிடைக்கும் கணத்துக்காகவே போகலாம். அங்கே வடமேற்குக் காற்று பொல்லாதது. காரை நிறுத்தியதும் கதவைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும், இல்லையென்றால் காற்று கீலோடு முறித்துவிடும். அந்தச் சேதத்துக்குக் காப்பீடு இருக்கிறதா என்று வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். குயின்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலையை வாடகை நிறுவனங்கள் வழக்கமாகத் தடை செய்கின்றன. ஆற்றங்கரைக் காட்சி ஒன்று அந்தப் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது என்பதற்காக அங்கே வாடகைக் காரை விடாதீர்கள். அழைத்துப் போகும் ஜீப்புகள் இருக்கின்றன.

ட்வைசல் அருகே படத்தின் பெரும்போர் நடந்த சமவெளி தனியார் பண்ணை; சுற்றுலா நடத்துபவர்களோடுதான் போக முடியும், வேலி தாண்டக் கூடாது. நேரமில்லை என்றால் இதை விட்டுவிடலாம், புல்வெளிதான். ‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ படத்தில் காஷ்மீர் என்று காட்டிய ஹெலிகாப்டர் துரத்தல் உண்மையில் இந்தத் தெற்குத் தீவின் மலைகளுக்கு மேல் எடுத்தது என்பது நமக்கு ஒரு வேடிக்கை.

டொங்காரிரோ மலைநடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரைபடத்தில் பார்த்ததும் கேட்பீர்கள். படத்தின் எரிமலையாக வரும் நவ்ருஹோயி, 2,287 மீட்டர், அந்தப் பாதையை ஒட்டித்தான் நிற்கிறது. பாதை சுமார் 20 கி.மீ., ஏழெட்டு மணி நேரம், ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குவது. அதனால் காரை இறங்கும் முனையில் விட்டு ஷட்டில் வண்டியில் ஏறும் முனைக்குப் போக வேண்டும். அந்தச் சிகரம் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்குப் புனிதமானது. உச்சிக்கு ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். உடற்பயிற்சி உள்ளவர் என்றால் வைடோமோவையும் மில்ஃபோர்டையும் விட்டுவிட்டு இதற்கு இரண்டு இரவு ஒதுக்கலாம். எல்லாவற்றையும் சேர்க்க முயன்றால் எதுவும் நிற்காது.

தனியாக நடக்கப் போகும் நாட்களில் பி.எல்.பி. என்ற அவசர பீக்கனை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்கு உங்கள் இருப்பிடத்தைச் சொல்லும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தகவல் தர வேண்டும் என்று ஊரிலுள்ள ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே அவசர எண் 111.

விபத்தில் காயமடைந்தால் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் வெளிநாட்டுப் பயணிகளின் சிகிச்சைச் செலவிலும் பங்கேற்கும். 1974 முதல் இருக்கும் ஏற்பாடு. அதற்கு ஈடாக, யார் தவறு செய்தாலும் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. நோய்க்கோ, ஊருக்குத் திரும்பும் செலவுக்கோ அது பணம் தராது. ஆகவே பயணக் காப்பீடு எடுக்கும்போது விலக்குப் பட்டியலை வாசியுங்கள். பல மலிவான பாலிசிகளில் பஞ்சியும் ஸ்கைடைவிங்கும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். பயணிகளுக்கான 100 நியூசிலாந்து டாலர் வரியும் விசாக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். விமான நிலையத்தில் உணவுப் பொருள் சோதனை கடுமையானது. பொடி, ஊறுகாய், தேன், விதைகள் எது இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் சில பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். மண் ஒட்டிய மலையேற்றக் காலணிக்கும் இதே விதி. புறப்படும் முன் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, படிவத்தில் அதற்கும் ‘ஆம்’ என்றே குறியுங்கள்.